ஏழு ஊமைப் பீங்கான்கள்

அத்தியாயம் ஆறு

அட்டைப்பெட்டியை மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு அர்ச்சுனன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். உள்ளே முழுக்கப் பீங்கான். பதினெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஊரார் மூட்டைக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்த பாவம் இன்றைக்கு மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“கொழந்தைய வச்சிகிட்டு வர்ற மாதிரி வந்தேன் மேடம். கொழந்தைன்னா நடுவுல ஒரு தடவயாவது சிரிச்சிருக்கும்.”

தென்றல் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அரைப் புன்னகையாவது கிடைத்திருக்கும். டெலிபோன் இலாகா வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பெண்மணி அவள். அர்ச்சுனனை வேலைக்குச் சேர்த்ததே பாதி அவருக்குத் தெரிந்த ரூட்டுகளுக்காக, பாதி அவர் வாய்க்காக. ஆனால் சுவர்க் கடிகாரம் ஒன்று இருபது காட்டியது. நாலு மணிக்குள் சௌந்தர்யாவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கண்டுபிடித்தால் உயிரோடு இருப்பாளா என்பதே சந்தேகம்.

சௌந்தர்யா இந்தப் பீங்கான் ஆலையின் செக்கர். சூளையிலிருந்து வரும் பீங்கான் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரித்து, பெட்டிக்குள் கையெழுத்திட்ட சீட்டு வைப்பது அவள் வேலை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஓர் அரிசி ஆலையில் விருத்தகிரி என்ற எலக்ட்ரீஷியன் பியூஸ் மாட்டும்போது கட்டை கையிலேயே பிளந்து, ஷாக் அடித்துச் செத்துப்போனான். குடித்துவிட்டு வேலை பார்த்தான் என்று சொல்லி அரிசி ஆலைக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். சௌந்தர்யா மட்டும் உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது நாங்கள் விரிசல் என்று கழித்துப் போட்ட கட்டை, யாரோ குப்பையிலிருந்து பொறுக்கி எங்கள் பெயரில் விற்கிறார்கள் என்றாள். இன்றைக்கு நாலு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தச் சாவைப் பற்றி விசாரணை. சாட்சி சொல்ல வேண்டியவள் திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பினாள். வீடு போய்ச் சேரவில்லை. இன்று வியாழன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கெட்ட கட்டையைப் பாஸ் பண்ணினதே அவள்தான், மாட்டிக்கொள்வோம் என்று ஓடிவிட்டாள் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் புருஷன் ஜெயபிரகாஷ் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் நேற்றுக் காலை தென்றலிடம் வந்து நின்றான். அழவில்லை. என் பொண்டாட்டி ஓடுகிறவள் இல்லை என்று ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னான்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சூப்பர்வைசர் சேரன். அவள் காணாமல் போன நாளிலிருந்து சொந்தக்காரர்களைவிட அதிகமாக ஓடுகிறவர், நாலு போலீஸ்காரருக்கும் இரண்டு துப்பறிகிறவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தே களைத்துப்போனவர். இன்னொருவர் காசியம்மாள், சௌந்தர்யாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கட்டை தட்டும் மூத்த செக்கர். ஆறு வருஷப் பழக்கத்தில் இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸ்.

பெட்டி வந்த கதை இதுதான். மங்கலம்பேட்டையில் கமாலுதீன் பாய் என்றொருவர், வெறும் பீங்கான் கட்டை வாங்கிப் பித்தளை மாட்டி விற்கிறவர். யாரோ புரோக்கர் நேற்று சாயங்காலம் மலிவு விலை சொல்லி ஒரு சாம்பிள் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே சௌந்தர்யாவின் சீட்டு. அந்தக் கையெழுத்தை நம்பி மூன்று வருஷமாகச் சரக்கு எடுக்கிறவர் பாய். திறந்து, இருந்தபடியே வரிசையாகத் தட்டியதும் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பதினைந்தில் பாதி விரிசல். காலையில் ஆலைக்குப் போன் போட்டுக் கத்தினார். போனை எடுத்த காசியம்மாள் அந்தச் செய்தியை நேரே தென்றலிடம் சொன்னாள்.

தென்றல் பெட்டியைப் பிரித்தாள். சீட்டில் போன வாரத் தேதி. அதை ஓரமாக வைத்துவிட்டு, கட்டைகளுக்கு நடுவே திணித்திருந்த கசங்கிய செய்தித்தாளை எடுத்து மேசைமேல் நீவினாள். மேல் மூலையில் புதன்கிழமை என்று இருந்தது. திணிப்பைப் பார்த்தாலே தெரிகிறது, இது சௌந்தர்யா கையால் கட்டின பெட்டிதான் என்றாள் காசியம்மாள்.

“சீட்டு போன வாரத்துது. பேப்பரு நேத்து வந்துது.”

“நேத்து பேப்பர போன வாரமே படிக்கிற ஊரு இன்னும் நம்ம பக்கம் வரல மேடம்” என்றார் அர்ச்சுனன்.

சொல்லி முடித்ததும்தான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. அப்படியென்றால் நேற்று வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள். எங்கேயோ உட்காரவைத்து, பழைய தேதி போட்ட சீட்டில் கையெழுத்து வாங்கி, கழிசல் கட்டைகளைப் பெட்டி கட்டவைக்கிறார்கள். ஊர் பேசும் கதைக்குச் சாட்சியாக அவள் கையெழுத்தையே தயார் செய்கிறார்கள். கடைசிப் பெட்டி கட்டி முடிந்ததும் அவளால் யாருக்கும் உபயோகம் இல்லை. அர்ச்சுனன் நிமிர்ந்தபோது சேரன் டீ கிளாஸை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருப்பதைப் பார்த்தார். அந்த மனிதருக்கும் அதிர்ச்சிதான் என்று நினைத்துக்கொண்டார்.

காசியம்மாள் சின்ன மரக்குச்சியை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் குனிந்தாள். சீட்டு இருந்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு முதல் வரிசையைத் தட்டினாள். டிங், டிங், டொக், டிங், டிங். நல்ல பீங்கான் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது கண்ணுக்கு அதே வெள்ளை, அதே பளபளப்பு, தட்டினால்தான் தெரியும். அதற்கு இங்கே ஊமை என்று பெயர்.

வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை. மொத்தம் ஏழு ஊமை. காசியம்மாள் குச்சியைக் கீழே வைத்தாள்.

“அவ காது தப்பு பண்ணாது மேடம். ஒண்ணு தப்பிச்சின்னாகூட அன்னிக்கு சோறு எறங்காது அவளுக்கு.”

“ஒண்ணு தப்பினா அது தப்பு காசியக்கா. ஏழு தப்பினா அது பேச்சு. கழிசலுக்குள்ள எட்டு நல்லது தானா வந்து விழுமா?” என்றாள் தென்றல்.

மறுபடியும் தட்டச் சொன்னாள். இந்தத் தடவை கையில் பேனா இருந்தது. டிங்குக்கு ஒன்று, டொக்குக்குச் சைபர். மூன்று வரிசையும் எழுதி முடித்துவிட்டுத் தன் போனில் ஒரு படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். காலையில் சௌந்தர்யா வீட்டுச் சுவரில் எடுத்த படம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பாளாம் அவள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் தமிழ் எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழேயும் ஐந்து வட்டம் போட்டிருந்தாள். சில வட்டம் கறுப்பு, சில வட்டம் வெறுமை. மேலே கொட்டை எழுத்தில், ‘கம்ப்யூட்டருக்கு ரெண்டே ரெண்டுதான் தெரியும்’.

அர்ச்சுனன் அந்த வரியைக் காலையிலேயே படித்துவிட்டு, அப்படியானால் கம்ப்யூட்டர் தன்னைவிட மோசம் என்று திருப்திப்பட்டிருந்தார். இப்போது என்னவென்று கேட்டார். தென்றல் சுருக்கமாகச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் இருப்பதெல்லாம் ஸ்விட்ச்தான். போட்டிருக்கிறதா, அணைத்திருக்கிறதா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். போட்டிருந்தால் ஒன்று, அணைத்திருந்தால் சைபர். அந்த இரண்டை வைத்துக்கொண்டே எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது.

“நம்ம விசிலு மாதிரி” என்றார் அர்ச்சுனன். “ஒரு விசிலு அடிச்சா நில்லு, ரெண்டு அடிச்சா போ. அத வச்சே பதினெட்டு வருசம் வண்டிய ஓட்டுனேன். ஆனா விசில்ல கடுதாசி எழுத முடியும்னு ஒருத்தனும் சொல்லலியே.”

ஒரு ஸ்விட்சை வைத்து எழுத முடியாது, ஐந்தை வரிசையாக வைத்தால் எழுதலாம் என்றாள் தென்றல். வலது ஓரத்து ஸ்விட்சுக்கு மதிப்பு ஒன்று. அடுத்தது இரண்டு. பிறகு நாலு, எட்டு, பதினாறு. எது எது போட்டிருக்கிறதோ அதையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டியது. ஐந்தும் போட்டிருந்தால் முப்பத்தொன்று.

“தமிழ்ல உயிரு பன்னெண்டு, ஆய்தம் ஒண்ணு, மெய் பதினெட்டு. மொத்தம் எவ்ளோ?”

அர்ச்சுனன் விரலை மடக்கினார். முப்பத்தொன்று. ஒன்றுகூட மிச்சம் விழவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. அவருக்குக் கையில் லேசாக மயிர்க்கூச்செறிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், தமிழைக் கண்டுபிடித்தவனும் பஸ் கண்டக்டராகத்தான் இருந்திருப்பான், சில்லறை சரியாக வைத்திருக்கிறான் என்றார்.

தென்றல் கூட்ட ஆரம்பித்தாள். முதல் வரிசை பதினாறு, எட்டு, இரண்டு, ஒன்று. இருபத்தேழு. அட்டையில் இருபத்தேழாவது எழுத்து வ். இரண்டாவது வரிசை டொக், டிங், டொக், டொக், டொக். வெறும் எட்டு. ஏ. மூன்றாவது டிங், டிங், டொக், டிங், டொக். இருபத்தாறு. ல்.

வ், ஏ, ல். மூன்றும் சேர்ந்தால் வேல்.

முதலில் வாயைத் திறந்தவர் சேரன்தான். சொல்லவே தயங்குகிற குரலில் சொன்னார்.

“மேடம், நம்ம வேன் டிரைவரு தங்கவேலு. எல்லாரும் வேலுன்னுதான் கூப்புடுவோம். திங்கக்கெழம சாயங்காலம் அவந்தான் கேட்டாண்ட வண்டிய போட்டுகிட்டு நின்னான். நான் பாத்தேன். நல்லவன்னு நெனச்சி சொல்லாம வுட்டுட்டேன்.”

தென்றல் சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வனுக்குப் போன் செய்தாள். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்ததால் ஜீப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. வேலு வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சோற்றோடு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் சத்தியம் பண்ணவில்லை, கத்தவில்லை. கையைக் கழுவ இரண்டு நிமிஷம் கேட்டான். ஸ்கூலிலிருந்து வரும் தன் பெண்ணைக் கூட்டிவர யாரையாவது அனுப்பச் சொன்னான். அர்ச்சுனனுக்கு அது என்னவோ போல் இருந்தது. பெண்ணைக் கடத்தியவன் பெண்ணைப் பற்றி அப்படிக் கேட்பானா என்று தோன்றியது. ஆனால் கட்டை பேசியது பேசியதுதானே.

தானும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வருவதாகச் சேரன் சொன்னார். பழகின முகம் பக்கத்தில் இருந்தால் வேலு உண்மையைக் கக்குவான் என்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட் தாண்டிப் போய்த் தேய்ந்தது. மணி ஒன்று நாற்பது.

தென்றல் உட்காரவில்லை. மேசையைச் சுற்றி நடந்தாள். அவளுக்கு ஏதோ உறுத்தினால் இப்படித்தான் நடப்பாள் என்பது அர்ச்சுனனுக்குத் தெரியும்.

“பதினஞ்சு கட்டைதான் இருக்குது அவ கையில. மூணே எழுத்து. அதுல போயி தெனம் நம்ம கண்ணு முன்னால வேன் ஓட்டுறவன் பேர எழுதுவாளா, இருக்கற எடத்த எழுதுவாளா?”

அர்ச்சுனன் பெட்டியை மறுபடியும் எட்டிப் பார்த்தார். காசியம்மாள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. திரும்பி வந்த பெட்டி என்றால் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். உலகம் இடிந்து விழுந்தாலும் அது அவள் வேலை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து, பெட்டிக்கு நேராக ஏழு கோடு போட்டாள். தென்றல் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“ஏழு ஏன் போட்டீங்க? நல்லது எட்டு இருக்குதே.”

“நல்லத யாரு மேடம் எண்ணுவாங்க? நல்லது அது பாட்டுக்கு போயிகிட்டே இருக்கும். ஊமையத்தான் எண்ணுவோம். ஊமை வந்தா ஒண்ணு போடுவோம், வரலன்னா சைபரு. நோட்டு முழுக்க சைபரா இருந்துதுன்னா அன்னிக்கு எங்களுக்கு நல்ல நாளு.”

இத்தனை வருஷமாக நோட்டில் இப்படியேதான் எழுதுகிறார்களா, சௌந்தர்யாவுமா என்று தென்றல் கேட்டாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே என்றாள் காசியம்மாள். தென்றல் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் வேகமாக எழுத ஆரம்பித்தாள்.

அவள் எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். டொக்குக்கு ஒன்று, டிங்குக்குச் சைபர். முதல் வரிசையில் நடுவில் மட்டும் ஒரு டொக், மதிப்பு நாலு. நாலாவது எழுத்து ஈ. இரண்டாவது வரிசையில் பதினாறும் நாலும் இரண்டும் ஒன்றும், இருபத்து மூன்று. ம். மூன்றாவதில் நாலும் ஒன்றும், ஐந்து. உ.

“ஈ, ம், உ. ஈமு” என்று படித்தாள் தென்றல். “இது என்ன பேரு?”

அர்ச்சுனன் எழுந்தே விட்டார்.

“பேரு இல்ல மேடம், ஸ்டாப்பு. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல ஈமு பண்ணை ஸ்டாப்பு. ஈமு கோழி வளத்தா கோடீஸ்வரன்னு ஒரு காலத்துல கெளம்புனாங்களே, அப்ப போட்ட கொட்டா. கோழியும் போச்சி, காசு போட்டவங்களும் போனாங்க, ஸ்டாப்பு மட்டும் நின்னுபோச்சி. அந்த பேர நான் வருசக்கணக்கா கத்தியிருக்கேன்.”

காசியம்மாள் நோட்டை மூடினாள். அந்தக் கொட்டகை சேரன் மச்சானுடையது என்றாள்.

தென்றல் சப்-இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டு, சேரன் வந்துவிட்டாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வரவில்லை. அந்த நிமிஷத்தில் அர்ச்சுனனின் மனசுக்குள் சேரன் ‘அவர்’ என்பதிலிருந்து ‘அவன்’ ஆகிவிட்டான். கழித்த கட்டைகள் குவியும் குப்பைமேட்டுக்குச் சாவி வைத்திருக்கிறவன் அவன். வேலு பெயரை எடுத்துக் கொடுத்தவன் அவன். சௌந்தர்யா வெளியே செய்தி அனுப்பிவிட்டாள் என்பதை, அவன் கண் முன்னாலேயே எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியது இவர்கள். தென்றல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

கொட்டகைக்கு வரும்படி போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் ஜீப் வேறு வேலையாக வெளியே போயிருந்தது, கிளம்பவே இருபத்தைந்து நிமிஷமாவது ஆகும். அவனுக்கோ ஏற்கெனவே இருபது நிமிஷம் கைக்குக் கிடைத்துவிட்டது.

ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். தென்றல் ஓட்டிய ஓட்டத்தில் அர்ச்சுனன் தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நெல்லைத் தாண்ட முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் படிக்கட்டில், ஒரு காலத்தில் அவரோடு வேலை பார்த்த, இப்போது அந்த பஸ்ஸின் கண்டக்டரான பாரி தொங்கிக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரை ஒட்டிப் பிடிக்கச் சொல்லி, ஓடும்போதே பாரியிடம் விஷயத்தைச் சொன்னார். ஈமு பண்ணை ஸ்டாப்பில் நிறுத்து, ஒரு பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வா. பாரி தலையாட்டினானா, காதில் விழாமல் முழித்தானா என்று தெரியவில்லை. அதற்குள் ஸ்கூட்டர் முந்திவிட்டது.

கொட்டகை வாசலில் சேரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் ஒரு மினி லாரி, பாதி ஏற்றிய பெட்டிகளோடு. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. தென்றல் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, பின்பக்கம் போகும்படி அர்ச்சுனனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மாமியார் வீட்டுக்குள் போவது போல் நேராக உள்ளே நடந்தாள்.

கம்பி வேலியை ஒட்டிப் பதுங்கிப் போன அர்ச்சுனனுக்குத் தகரச் சுவர் வழியே பேச்சுக் கேட்டது. வேலு ஒத்துக்கொண்டான், ஆனால் பெண் எங்கே என்று சொல்ல மறுக்கிறான், ஸ்ரீமுஷ்ணம் பக்கம் தேடச் சொன்னார்கள், வழியில் உங்கள் வண்டியைப் பார்த்து நின்றோம் என்று தென்றல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேரன் நம்பினான் போலிருக்கிறது, குரலில் சிரிப்பு வந்தது. மச்சானுடைய குடோன் மேடம், பழைய சாமான், வேண்டுமானால் பாருங்கள் என்று கதவைத் திறந்தே விட்டான். உள்ளே பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. சௌந்தர்யா இல்லை.

நேரம் கடந்துவிட்டதா, வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்களா? கொட்டகைக்குப் பின்னால் முள்செடிக்கு நடுவில் ஒரு சின்ன அறை இருந்தது. அந்தக் காலத்தில் முட்டை பொரிக்க வைத்த அறை. ஜன்னல் கிடையாது. தகரக் கதவு முழுக்கத் துரு. அதில் தொங்கிய பூட்டு மட்டும் வெள்ளி போலப் பளபளத்தது. பத்து வருஷமாகக் கோழியே இல்லாத அறைக்குப் புதுப் பூட்டு எதற்கு?

சுண்டுவிரலால் தகரத்தைத் தட்டினார். உள்ளிருந்து பீங்கான் பீங்கானோடு மோதும் சத்தம் ஒன்று கேட்டது. டிங்.

பூட்டோடு அவர் மல்லுக்கட்டவில்லை. பூட்டு புதுசு, கீல் பழசு. கதவின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கியபோது கீல் இற்று, கதவு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல் முள்செடிமேல் விழுந்து ஊரே கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. உள்ளே சௌந்தர்யா தரையில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. சத்தம் போடக்கூடாது என்று மிரட்டி வைத்திருந்தார்கள். கையை மட்டும் வேலைக்காக அவிழ்த்து விட்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரென்று தெரியாத இந்த ஆளைப் பார்த்துக் கையிலிருந்த கட்டையை எறிய ஓங்கினாள்.

“வேணாம்மா. ஜெயபிரகாஷ் அனுப்புன ஆளு. ஈமு படிச்சிட்டோம்.”

அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

கயிற்றை அவிழ்த்து அவளைத் தாங்கிக்கொண்டு திரும்பியபோது எதிரில் சேரன் நின்றான். கையில் இரும்புக் கம்பி. அவனுக்குப் பின்னால் லாரி டிரைவர், தென்றலின் கையை முறுக்கிப் பிடித்திருந்தான். சேரன் டீ வாங்கிக் கொடுத்தபோது இருந்த அதே மரியாதையோடு பேசினான்.

“வுட்டுட்டு நகருங்கண்ணே. நாலு மணி வரைக்கும்தான். அப்புறம் யாரும் யாரையும் தேட வேண்டியதில்ல.”

சௌந்தர்யாவை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு அர்ச்சுனன் நின்ற இடத்திலேயே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. கம்பி உயர்ந்தது. அவர் கண்ணை மூடவில்லை என்பதை மட்டும் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அப்போது வாசல் பக்கம் ஏர் பிரேக் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து காலடிச் சத்தம், ஒன்றிரண்டு இல்லை, சரசரவென்று வந்துகொண்டே இருந்தது. பாரி முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் காலேஜ் பையன்கள், நாற்று நட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள், ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம், மண்வெட்டியோடு இரண்டு பேர். நாற்பது பேருக்குக் குறையாது. கொட்டகையைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

சேரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கம்பி தானாகத் தாழ்ந்தது. லாரி டிரைவர் தென்றலின் கையை எப்போதோ விட்டிருந்தான்.

போலீஸ் ஜீப் வந்தபோது இரண்டு பேரையும் அவர்கள் லாரிக் கயிற்றாலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். தென்றல் சப்-இன்ஸ்பெக்டரிடம் முதலில் பேசியது வேலுவைப் பற்றித்தான். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றும், அவனை உடனே வீட்டுக்கு அனுப்பச் சொல்லியும், சாயங்காலம் தானே நேரில் போய் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னாள். அவள் குரல் இறங்கி இருந்தது.

சௌந்தர்யா ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். சேரன் பெயரையே எழுதியிருக்கலாமே என்று அர்ச்சுனன் கேட்டார். அதற்கு ஐந்து எழுத்து வேண்டும், இருபத்தைந்து கட்டை, பெட்டியில் பிடிப்பது பதினைந்துதான் என்றாள் அவள். கழிசல் குவியலில் தப்பிக் கிடந்த நல்ல கட்டை எட்டைப் பொறுக்கி எடுக்கவே ஒரு பகல் ஆயிற்றாம். கட்டின பெட்டியைச் சேரன் தினம் பிரித்துப் பார்ப்பான், கண்ணால் பார்ப்பான், தட்ட மாட்டான். வாங்கினவர் தட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் காசியக்கா கைக்குத்தான் வரும், அது எண்ணிவிடும் என்று நினைத்தாளாம்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் தென்றல். சௌந்தர்யா தலையை ஆட்டினாள்.

“பெரியநாயகி அக்கா காலையிலேருந்து அந்த ஆபீஸ்ல தனியா உக்காந்திருக்கும். அது வூட்டுக்காரு குடிகாரரு இல்லன்னு சொல்றதுக்கு என்னய வுட்டா ஆளு இல்லீங்க. மணி என்ன?”

விருத்தகிரியின் பெண்டாட்டியைத்தான் சொல்கிறாள் என்பது அர்ச்சுனனுக்குப் புரிந்தது. மணி மூன்று. அவர் பாரியைப் பார்த்தார். பாரி பஸ் டிரைவரைப் பார்த்தான். ஸ்ரீமுஷ்ணம் போகிற பஸ்ஸை விருத்தாசலத்துக்குத் திருப்பினால் முதலாளி வேலையை விட்டுத் தூக்குவார் என்று டிரைவர் சொன்னார். சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒடித்தார். கோயிலுக்குப் போகிற குடும்பம்கூட இறங்கவில்லை. பெருமாள் எங்கே போய்விடப் போகிறார் என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் நாலு மணி ஐந்துக்கு டவாலி போட்ட சேவகர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அரிசி ஆலைத் தரப்பு வந்திருந்தது, அவர்களுக்கு வக்கீலும் வந்திருந்தார். எதிர்ப்பக்கத்து பெஞ்சில் பெரியநாயகி மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாட்சி சௌந்தர்யா என்று டவாலி கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது தடவை கூப்பிடும்போது வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது.

“சாட்சி சௌந்தர்யா.”

“இருக்கேங்க.”